காவலும் கூலியும்: வற்றாப்பளைப் பெருவழியை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

உள்ளூராட்சியின் வரலாற்றை ஆராய்வோர் தேர்தல், வாக்குரிமை, வரி, சுகாதாரம் என்பனவற்றை விரிவாக எடுத்துரைப்பர். வீதியிலே நின்று போக்குவரத்தை ஒழுங்குசெய்யும் காவலனுக்குக் கூலி கொடுப்பவர் யார் என்ற வினா அவர்தம் கவனத்தை அவ்வளவாக ஈர்த்ததில்லை. அது கணக்குப் புத்தகத்தில் ஒரு வரியில் அடங்கும் சிறு செய்தியாகவே கருதப்பட்டு வந்துள்ளது. ஆயினும், கூலி கொடுப்பவனே காவலன் எங்கு நிற்க வேண்டும், எதனைக் காக்க வேண்டும், எவருக்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்பவற்றைத் தீர்மானிக்கிறான் என்பது வரலாறு காட்டும் உண்மையாகும். நகரசபையொன்று தன் எல்லைக்குள் வீதிப்பாதுகாப்புக் காவலுக்கென மேலரசு வழங்கும் மானியத்தை ஏற்றுக்கொள்வது இன்று மேலைநாடுகளில் வழமையான நிகழ்ச்சி. அதன் பின்னே நிற்கும் நீண்ட வழக்கினை, வன்னிப் பெருநிலத்தின் சிற்றூராகிய வற்றாப்பளையில் நின்றுகொண்டு நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. ஊரும் வழியும்

முல்லைத்தீவு மாவட்டத்தில், நந்திக்கடலின் மேற்குக் கரையை அண்டி அமைந்துள்ளது வற்றாப்பளை. மதுரையை எரித்த கண்ணகி ஈழம் போந்து பல இடங்களில் தங்கினாள் என்றும், அவ்வாறு தங்கிய பத்தாவது இடமே 'பத்தாப்பளை' எனப் பெயர்பெற்றுப் பின்னர் வற்றாப்பளை என மருவிற்று என்றும் ஐதிகம் கூறும். வைகாசி விசாகத்தை அண்டிய திங்கட்கிழமையில் அங்கு நிகழும் பொங்கல், வன்னி மக்களின் மாபெரும் கூடலாகும். பாக்குத்தெண்டல், தீர்த்தமெடுத்தல் என்னும் நிகழ்ச்சிகள் அதற்கு முன்னோடியாக நிகழும். சிலாவத்தைத் தீர்த்தக்கரையிலிருந்து எடுத்துவரப்படும் கடல்நீரில் முள்ளியவளைக் காட்டா விநாயகர் ஆலயத்திலே விளக்கெரியும். பின்னர் மடைப்பண்டங்கள் முள்ளியவளையிலிருந்து வற்றாப்பளைக்கு எடுத்துச் செல்லப்படும்.

இவ்வழிபாட்டில் வீதி வெறும் போக்குவரத்துச் சாதனமன்று. அது சடங்கின் ஓர் உறுப்பு. கடற்கரையிலிருந்து முள்ளியவளைக்கும், முள்ளியவளையிலிருந்து வற்றாப்பளைக்கும் மக்கள் கால்நடையாகச் செல்வதே விழாவின் உயிர்நாடி. கதிர்காமத்திற்குப் பாதயாத்திரை செல்லும் அடியாரும் வடக்கேயிருந்து நடந்துவந்து இப்பொங்கலிற் கலந்துகொண்டு தெற்கே செல்வர். அதே வீதியிலேதான் பேருந்துகளும், மோட்டார் சைக்கிள்களும், முச்சக்கர வண்டிகளும், உழவு இயந்திரங்களும் செல்கின்றன. இரவெல்லாம் விழித்திருந்து விடியற்காலையில் வீடு திரும்பும் சாரதியும், தூங்கும் குழந்தையைத் தோளிற் சுமந்து வீதியோரமாக நடக்கும் தாயும் ஒரே வழியைப் பகிர்ந்துகொள்கின்றனர். எனவே காவல் என்பது இவ்வூருக்கு ஏட்டில் எழுதப்படும் கருத்தன்று. உயிரைக் காக்கும் தேவை.

2. பழந்தமிழர் வழிக்காவல்

வழியைக் காத்தலும் வழியிலே வரி பெறுதலும் தமிழகத்தில் மிகப் பழைய காலந்தொட்டே இணைந்து காணப்படுகின்றன. உல்கு என்னும் சுங்கம் பெறப்படும் பெருவழியில், கிளைவழிகள் பிரியும் இடங்களை வில்வீரர் காத்து நின்றதைப் பெரும்பாணாற்றுப்படை காட்டுகிறது. வணிகர் கொடுத்த வரிக்கும் வீரர் அளித்த காவலுக்கும் இடையே நேரான தொடர்பு இருந்தது. சோழர் காலக் கல்வெட்டுகளிற் பயிலும் 'பாடிகாவல்' என்னும் வரி, ஊரைக் காப்பதற்கென ஊரவரிடமே பெறப்பட்டதாகும்.

பிற்காலத்திலே தென்தமிழகத்தில் நிலவிய காவல்முறை இதனினும் நுணுகி ஆராயத்தக்கது. காவற்காரர் ஊரவரிடமிருந்து காவற்கூலி பெற்றனர். அதற்கு ஈடாக, களவுபோன பொருளை மீட்டுக் கொடுத்தல், அன்றேல் அதன் பெறுமதியை ஈடுசெய்தல் அவர்தம் கடமையாயிற்று. இம்முறையிற் கேடுகள் பல விளைந்தன. காவற்காரரே களவுக்குத் துணைபோனதும், கவர்ந்த மாட்டை மீட்டுத் தருவதற்கே 'துப்புக்கூலி' பெற்றதும் உண்டு. பாளையக்காரர் காவலுரிமையை அதிகாரத்தின் படியாக்கிக் கொண்டனர். 1801ஆம் ஆண்டிலே பாளையக்காரர் கிளர்ச்சியை அடக்கிய கும்பனியார் அவர்தம் காவலுரிமைகளையும் பறித்தனர். 1859ஆம் ஆண்டின் சட்டத்தினால் சென்னை மாகாணத்தில் சம்பளம் பெறும் சீருடைப் பொலிசுப் படை உருவாயிற்று.

பழைய முறைக்கு நாம் ஏங்கவேண்டியதில்லை. ஆயினும் அதில் அடங்கிய ஒரு கொள்கை மறக்கத்தக்கதன்று. காவற்காரனின் கூலி அவன் எத்தனை பேரைப் பிடித்தான் என்பதைப் பொறுத்திருக்கவில்லை. இழப்பு நேர்ந்ததா இல்லையா என்பதையே பொறுத்திருந்தது. இவ்வேறுபாடு பின்னர் நமக்குப் பயன்படும்.

3. காற்பங்கு மானியம்

மேலரசு பணம் தர உள்ளூர் மன்றம் அதைக் காவலுக்காக ஏற்றல் என்னும் முறையின் தோற்றத்தைப் பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்திலே காணலாம். 1835ஆம் ஆண்டின் நகராண்மைச் சட்டம் நகரமன்றங்கள் காவற்குழு அமைத்துத் தத்தம் பொலிசாரை நடத்த வழிசெய்தது. செலவு நகர மக்களுடையது; ஆகவே ஆட்சியும் அவர்களுடையதே. 1854இல் பாமேர்ஸ்ரன் பிரபு இதில் மத்திய அரசின் கையை நுழைக்க முயன்றபோது நகரங்கள் கொதித்தெழுந்தன, மசோதா கைவிடப்பட்டது.

இரண்டாண்டுகளின் பின், 1856இல், உள்துறை அமைச்சர் சேர் ஜோர்ஜ் கிறே வேறொரு வழியைக் கையாண்டார். எல்லாக் கவுண்டிகளிலும் பொலிசுப் படை அமைத்தல் கட்டாயமாக்கப்பட்டது. அரசாங்கப் பரிசோதகர் நேரிற் சென்று பார்வையிட்டுப் படை திறமையானது எனச் சான்று வழங்கினால், சம்பளத்திலும் சீருடையிலும் காற்பங்குச் செலவைத் திறைசேரி ஏற்கும். ஐயாயிரத்திற்குக் குறைந்த மக்கள்தொகையுடைய நகரம் தனிப்படை வைத்திருப்பின் அதற்கு மானியம் இல்லை. வற்புறுத்தலால் நிறைவேறாதது பணத்தால் நிறைவேறிற்று. 1874இல் இக்காற்பங்கு அரைப்பங்காக உயர்ந்தது.

இதன் இரு பக்கங்களையும் நடுநிலையோடு நோக்க வேண்டும். பரிசோதகரின் வருகையால் கவனிப்பாரற்றுக் கிடந்த சிறுநகர்ப் படைகள் சீர்பெற்றன. நகர முதலாளிமாரின் ஏவலராக இருந்த காவலர் பொதுவிதிக்கு உட்பட்டனர். மறுபுறம், சான்று வழங்கும் உரிமை மத்திய அரசிடம் சென்றபோது, 'திறமை' என்றால் யாது என வரையறுக்கும் உரிமையும் உடன் சென்றது. மானியத்தின் வரலாற்றில் இதுவே முதற்பாடம்.

குடியேற்ற நாடுகளில் இம்முறை தலைகீழாயிற்று. அங்கே அதிகாரம் மேலே நின்றது. செலவு மட்டும் கீழே இறக்கப்பட்டது. சென்னை மாகாணத்தின் 1865ஆம் ஆண்டுப் பட்டின அபிவிருத்திச் சட்டம் பொலிசுச் செலவைப் பட்டினங்களின் தலையிற் சுமத்திற்று. ஆட்சியுரிமை இல்லாத படைக்கு வரி செலுத்திய அவலத்தை உணர்ந்தே, 1882 மே 18ஆம் நாள் வெளியான ரிப்பன் பிரபுவின் தீர்மானம், நகராண்மைகளைப் பொலிசுச் செலவினின்றும் விடுவித்துக் கல்விக்கும் சுகாதாரத்திற்கும் அப்பணத்தைத் திருப்ப வேண்டும் என்றது.

4. இலங்கையின் அனுபவம்

இலங்கையில் வீதிக்கு மக்கள் முதலிற் கொடுத்தது பணமன்று, உடலுழைப்பு. 1848ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க வீதிக் கட்டளைச்சட்டம், 18 முதல் 55 வயது வரையுள்ள ஒவ்வோர் ஆண்மகனும் ஆண்டுக்கு ஆறு நாள் வீதிவேலை செய்ய வேண்டும், அன்றேல் அதற்கீடாகப் பணம் செலுத்த வேண்டும் என விதித்தது. அவ்வாண்டு மலைநாட்டில் எழுந்த கிளர்ச்சிக்குப் புதிய வரிகளோடு இதுவும் காரணமாயிற்று. 1861ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டம் அதனைத் திருத்தியமைத்து நீண்டகாலம் நிலைபெறச் செய்தது.

1865ஆம் ஆண்டு இருவகையிற் குறிப்பிடத்தக்கது. அவ்வாண்டின் 16ஆம் இலக்கப் பொலிசுக் கட்டளைச்சட்டமும் 17ஆம் இலக்க மாநகராட்சிக் கட்டளைச்சட்டமும் அடுத்தடுத்து வந்தன. காவற்படை நிறுவப்பட்ட நகர்களில் கட்டடங்களின் ஆண்டுப் பெறுமதியின்மீது வரி விதித்துக் காவற்செலவை ஈடுசெய்ய முன்னைய சட்டம் இடமளித்தது. ஊர்வலங்களை ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தையும் அதுவே பொலிசாருக்கு அளித்தது. 1866 செப்ரெம்பரிலே வில்லியம் றொபேட் கம்பெல் படைத்தலைமையை ஏற்றார். எனினும் அப்படை பெரும்பாலும் நகரங்களுக்கே உரியதாயிருந்தது. வன்னியைப் போன்ற நாட்டுப்புறங்களில் விதானையாரும் உடையாரும் மணியகாரருமே அமைதி காத்தனர். செல்வாக்கும் மரியாதையுமே அவர்க்குக் கிடைத்த பெருங்கூலி. சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில், 1913 முதல் 1937 வரை பொலிசு மாஅதிபராயிருந்த ஹேபேட் டவ்பிகின் காலத்தில், படை நாட்டுப்புறங்களுக்கு விரிவடைந்தது. விதானைமார் முறை 1963இல் முற்றாக மறைந்து கிராமசேவகர் பதவி தோன்றியது.

இவ்வளர்ச்சியினால் பொலிசு கொழும்பை மையமாகக் கொண்ட தனித் திணைக்களமாயிற்று. கிராமச் சங்கங்களும் பின்வந்த கிராமச் சபைகளும் ஒழுங்கைகளையும் கிணறுகளையும் சந்தைகளையும் பராமரித்தன. காவலில் அவற்றுக்குப் பங்கில்லை. 1981இல் கிராமச் சபைகள் ஒழிந்து மாவட்ட அபிவிருத்திச் சபைகள் வந்தன. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம் பிரதேச சபைகளைத் தோற்றுவித்தது. பொதுச் சுகாதாரம், பொதுப் பயன்பாட்டுச் சேவைகள், பொதுவீதிகள் ஆகிய மூன்றையும் அச்சட்டம் பிரதேச சபையின் பொறுப்பாக்கியது. அவ்வாண்டிலேயே நிறைவேறிய அரசியலமைப்பின் பதின்மூன்றாவது திருத்தம் மாகாணங்களுக்குப் பொலிசு அதிகாரத்தை எழுத்தில் வழங்கிற்று. நடைமுறையில் அது வழங்கப்படவில்லை. ஆகவே வீதிக்குப் பொறுப்பான மன்றத்திடம் காவல் இல்லை. காவலுக்குப் பொறுப்பான திணைக்களம் ஊரவர்க்குக் கணக்குக் காட்டக் கடமைப்பட்டதன்று.

வன்னிக்கு இதற்கிடையே வேறோர் அனுபவமும் உண்டு. 1991 முதல் விடுதலைப் புலிகள் தம் ஆட்சிப் பகுதியிலே தனிக் காவற்றுறையொன்றை நடத்தினர். 2002 பெப்ரவரிப் போர்நிறுத்த உடன்படிக்கையின் பின் ஏ-9 வீதி திறக்கப்பட்டபோது, வேகவரம்பை மீறிய சாரதிகள் அக்காவற்றுறையினரால் தடுத்து நிறுத்தப்பட்டுத் தண்டம் செலுத்தினர். போர் 2009 மே மாதத்தில் நந்திக்கடலின் மறுகரையிலே பேரழிவோடு முடிவுற்றது. மீளக் குடியமர்ந்த மக்களின் வீதிகளில் மீண்டும் இலங்கைப் பொலிசார் நின்றனர். ஒரு தலைமுறைக்குள் இருவேறு அதிகாரங்களுக்குத் தண்டம் செலுத்திய இம்மக்கள், எவ்வதிகாரத்தின்கீழும் தம் வீதிக்காவலின் முன்னுரிமைகளைத் தாமே தீர்மானித்தவர் அல்லர்.

5. மோட்டார் யுகமும் மானியமும்

குதிரைவண்டியின் காலத்தில் வீதிக்காவல் என்பது பெரும்பாலும் ஒழுங்கு பற்றியதாக இருந்தது. மோட்டார் வண்டி அதனை உயிர் பற்றியதாக்கிற்று. உலக சுகாதார நிறுவனத்தின் 2023ஆம் ஆண்டு அறிக்கையின்படி ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 இலட்சத்து 90 ஆயிரம் பேர் உலகின் வீதிகளில் மடிகின்றனர். இலங்கையின் 1951ஆம் ஆண்டு 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் வேகத்தையும் சாரதித் தகுதியையும் வகுத்துரைத்தது. எனினும் அதனை நடைமுறைப்படுத்தும் செலவு யாருடையது என்னும் வினா நிற்கவே செய்தது.

இவ்வினாவுக்கு ஐக்கிய அமெரிக்கா அளித்த விடை புதுமையானது. வாகனங்களின் அமைப்பிலேயே ஆபத்து உறைகின்றது என றால்ஃப் நேடர் 1965இல் எழுதிய நூல் அங்கு பெரும் பரபரப்பை விளைவித்தது. 1966 செப்ரெம்பர் 9ஆம் நாள் ஜனாதிபதி ஜோன்சன் இரு சட்டங்களிற் கையொப்பமிட்டார். ஒன்று வாகனத்தின் அமைப்பைக் கட்டுப்படுத்திற்று. மற்றையதாகிய நெடுஞ்சாலைப் பாதுகாப்புச் சட்டம், மாநிலங்களுக்கு மானியம் வழங்கி, அதில் நூற்றுக்கு நாற்பது பங்கேனும் உள்ளூர் ஆட்சிகளின் திட்டங்களுக்குச் செல்ல வேண்டும் என விதித்தது. கலிபோர்ணியா போன்ற மாநிலங்களில் இதற்கெனத் தனி அலுவலகம் உண்டு. நகரப் பொலிசார் விண்ணப்பிப்பர், மானியம் ஒதுக்கப்படும், நகரசபை தீர்மானம் நிறைவேற்றி அதனை ஏற்கும். அப்பணம் மதுபோதையிற் செலுத்துவோரைத் தடுக்கும் சோதனைகள், மிகுவேகம், ஆசனப்பட்டி, பாதசாரிப் பாதுகாப்பு எனக் குறித்த கருமங்களுக்கே செலவாகும். சபை ஏற்கெனவே செய்துவரும் செலவைக் குறைத்துவிட்டு அவ்விடத்தை மானியத்தால் நிரப்புதல் ஆகாது.

சபையில் இத்தகைய தீர்மானம் பெரும்பாலும் விவாதமின்றி நிறைவேறிவிடும். இலவசமாக வரும் பணத்தை மறுப்பவர் யார்? ஆனால் அச்சிறு தீர்மானத்தில் ஒரு நல்ல நடைமுறை அடங்கியுள்ளது. மக்கள் தெரிவுசெய்த மன்றத்தின் முன்னிலையில், எப்பணம், எக்கருமத்திற்கு, எவ்வளவு காலத்திற்கு என்பவை பகிரங்கமாக வாசிக்கப்படுகின்றன. கேள்வி கேட்கவும் மறுக்கவும் மன்றத்திற்கு உரிமை உண்டு. அவ்வுரிமையைப் பயன்படுத்துகிறார்களா என்பது வேறு. அது உண்டு என்பதே பெரிது.

6. தண்டமா, மானியமா?

காவற்செலவுக்கு மானியமன்றி மற்றொரு வழியும் உண்டு. அது தண்டப்பணம். குற்றஞ்செய்தோர் செலுத்தும் பணத்திலேயே காவலை நடத்தலாம் என்பது கேட்பதற்கு நீதியாகவே தோன்றும். பிரித்தானியா 2000ஆம் ஆண்டில் இதனைப் பரீட்சித்தது. வேகத்தைப் பதிவுசெய்யும் கமராக்களால் வந்த தண்டத்தின் ஒரு பகுதியை, அக்கமராக்களை நடத்தும் உள்ளூர்க் கூட்டமைப்புகளே தம் செலவுக்கு வைத்துக்கொள்ள அனுமதிக்கப்பட்டது. விபத்துகள் நிகழ்ந்த இடங்களிலேயே கமராக்களை வைக்க வேண்டும் என்ற கடுமையான விதிகள் இருந்தன. ஆயினும் அரசு உயிரைக் காப்பதற்கன்றி உண்டியலை நிரப்பவே இதனைச் செய்கின்றது என்ற ஐயம் மக்கள் மனத்தில் வேரூன்றிற்று. 2007இல் அம்முறை நீக்கப்பட்டு, தண்டத்தோடு தொடர்பில்லாத வீதிப்பாதுகாப்பு மானியம் உள்ளூர் ஆட்சிகளுக்கு வழங்கப்பட்டது. காவல் நேர்மையாக நடந்தால் மட்டும் போதாது. நேர்மையானது என மக்கள் நம்பவும் வேண்டும் என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகிறது.

தமிழ்நாட்டில் இவ்விரண்டும் கலந்த ஏற்பாடு காணப்படுகிறது. வாகனக் குற்றங்களுக்கு அறவிடப்படும் பணத்தை அடியாகக் கொண்டு அரசு சாலைப் பாதுகாப்பு நிதியொன்றை அமைத்து, அதிலிருந்து பொலிசுக்கும் மாவட்ட நிர்வாகத்துக்கும் நெடுஞ்சாலைத் துறைக்கும் பங்கிடுகிறது. பணம் திரட்டுவோரும் பங்கிடுவோரும் வேறாக இருத்தலே இதன் சிறப்பு. அம்மாநிலத்தில் 2016இல் 17,218 ஆக இருந்த வீதி மரணங்கள் 2018இல் 12,216 ஆகக் குறைந்தன. இக்குறைவுக்குக் காவல் மட்டுமே காரணம் எனல் பொருந்தாது. ஆபத்தான இடங்களைத் திருத்தியமைத்தலும் விரைவான அம்புலன்சுச் சேவையும் உடன் நின்றன. காவலன் நின்ற இடமும் பொறியியலாளன் திருத்திய வளைவும் சேர்ந்தே உயிரைக் காக்கின்றன.

இலங்கையில் நீதிமன்றங்கள் விதிக்கும் தண்டப்பணம் மாகாண சபையூடாக உள்ளூராட்சி மன்றங்களுக்கு வந்துசேரும் வழமை உண்டு. வருமானம் குன்றிய பிரதேச சபைகளுக்கு இது முத்திரைத் தீர்வையோடு சேர்ந்து முக்கிய ஆதாரமாகும். ஆனால் சபையின் கையில் காவல் இல்லை. வந்த பணத்தை வீதிப்பாதுகாப்புக்கே செலவிட வேண்டும் என்ற கட்டும் இல்லை. முள்ளியவளையில் ஒருவன் தலைக்கவசமின்றிச் சென்றதற்காகச் செலுத்திய பணம் எங்கோ ஓர் அலுவலகத்தின் மின்கட்டணமாகலாம். குற்றத்திற்கும் தண்டத்திற்கும் தொடர்புண்டு. தண்டத்திற்கும் பாதுகாப்பிற்கும் இடையிலுள்ள தொடர்பு அறுந்துள்ளது.

7. வற்றாப்பளை கற்பிக்கும் பாடம்

ஆண்டுதோறும் பொங்கலுக்கு முன்னர் மாவட்டச் செயலகத்திலே ஆயத்தக் கூட்டம் நிகழும். ஆலய பரிபாலனத்தினரும் பொலிசாரும் பிரதேச சபையினரும் சுகாதாரப் பகுதியினரும் போக்குவரத்துச் சபையினரும் கூடி, குடிநீர், மலசலகூடம், சிறப்புப் பேருந்து, வாகனத் தரிப்பிடம், பாதுகாப்பு என்பவற்றைப் பகிர்ந்துகொள்வர். நோக்கினால், ஊர்கூடிக் காவலைத் தீர்மானிக்கும் பழைய மரபின் எச்சம் இங்கே உயிரோடிருக்கின்றது. எந்த வழியை எப்போது மூட வேண்டும், அடியார் எப்பக்கமாக நடப்பர், இருள் எங்கே மிகுதி என்பவற்றை ஊரவரைப் போல் அறிந்தவர் வேறிலர். ஆனால் இக்கூட்டம் விழாவோடு முடிந்துவிடுகிறது. எஞ்சிய நாட்களில் பாடசாலைப் பிள்ளைகளும் வயலுக்குச் செல்லும் உழவரும் மீன் ஏற்றிச் செல்லும் வண்டிகளும் அதே வீதியில் எவ்வித ஏற்பாடுமின்றிச் செல்கின்றனர்.

மேற்போந்த வரலாற்றினின்றும் மூன்று முடிபுகளைப் பெறலாம்.

முதலாவது, வறிய மன்றத்திற்கு மானியம் இழிவன்று. வீதிகளுக்கு உழைத்த மூதாதையரையும் தண்டம் செலுத்தும் இன்றைய மக்களையும் எண்ணின், மேலரசு தருவது கொடையன்று. மக்களுடைய பணம் மக்களிடம் மீள்வதேயாகும். தலை வணங்கிப் பெறவேண்டியதன்று. உரிமையோடு கேட்டுப் பெறவேண்டியது.

இரண்டாவது, மானியத்தோடு வரும் அளவுகோலை மன்றம் கவனிக்க வேண்டும். எழுதப்பட்ட குற்றப்பத்திரங்களின் தொகையே வெற்றியின் அளவாயின், காவலன் பணம் எளிதில் அகப்படும் நேரான வீதியிலே நிற்பான். ஆபத்து மறைந்திருக்கும் வளைவிலே நிற்கமாட்டான். வறியவனின் பழைய மோட்டார் சைக்கிள் மறிக்கப்படும். அதிகாரமுடையவனின் வாகனம் விரைந்து செல்லும். பழைய காவற்காரனின் கடமையை இங்கே நினைவுகூரலாம். எத்தனை பேரைப் பிடித்தாய் என்பதன்று, இவ்வாண்டு இவ்வீதியில் எத்தனை பேர் உயிரிழந்தனர் என்பதே கேட்கப்பட வேண்டிய கேள்வி.

மூன்றாவது, கணக்குச் சொல்லும் இடம் ஊராக இருத்தல் வேண்டும். பொலிசு அதிகாரம் மாகாணத்திற்கு வருமா என்பது பெரிய அரசியல் வினா. அதன் விடைக்காக வீதி காத்திருக்காது. பிரதேச சபைக்கு வரும் தண்டப்பணத்தில் ஒரு பங்கை வீதிப்பாதுகாப்புக்கென ஒதுக்கலாம். அதற்கீடாக மேலரசிடம் மானியம் கோரலாம். தெருவிளக்கும் நடைபாதையும் கடவையும் பாடசாலை நேரக் காவலும் எங்கே தேவை என்பதைப் பகிரங்க அமர்விலே தீர்மானிக்கலாம். ஆண்டிறுதியில் பொலிசு அதிகாரியை அழைத்து விளைவைக் கேட்கலாம். கட்டளையிடும் அதிகாரம் இல்லாவிடினும் வினவும் மரபு தோன்றினால் அதிகாரம் காலப்போக்கிற் பின்தொடரும். 1835இன் இங்கிலாந்து நகரங்களிடம் வினவும் உரிமை பணத்தோடு பிறந்தது. நம்மிடம் பணம் ஓரளவு உண்டு. வினவும் பழக்கமே இன்னும் பிறக்கவில்லை.

நீதி கேட்டு அரசவைக்குச் சென்ற ஒருத்தியைத் தெய்வமாக வழிபடும் ஊர் வற்றாப்பளை. காவலன் என்ற சொல் அக்கதையிலே அரசனைக் குறித்தது. காவல் தவறிய அரசன் உயிர் துறந்தான் என்பதை இம்மக்கள் ஆண்டுதோறும் கேட்டு வருகின்றனர். காவலனிடம் கணக்குக் கேட்டல் இவர்க்குப் புதிதாகக் கற்பிக்கப்பட வேண்டிய கலையன்று. ஆலய முன்றிலில் அறிந்ததைப் பிரதேச சபை மண்டபத்திற்கும் எடுத்துச் செல்லுதலே எஞ்சியுள்ள பணியாகும்.